பாராளுமன்றத்தில் பொன்னாடை போட்ட விவகாரம்

கார்ஜ் லே கொனெஸ்
செப்டெம்பர் 22

பெருமதிப்புக்கும் பேரன்புக்கும் உரிய தவரத்தினம் அத்தான் அவர்களுக்கு,

தங்கள் தங்கை புனிதவதியின் கணவன் அரியரத்தினம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் மகள் விதுர்ஷாவும், என் இடது முழங்கால் நீங்கலாக, நல்ல சுகம். தங்கள் தங்கையின் சுகத்தைப் பற்றித் தனியாக விசாரிக்கத் தேவையில்லை, சனிக்கிழமையிலிருந்து அவர் சிரித்துக்கொண்டே இருக்கிறார். ரொறன்ரோவில் தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் குளிர் தொடங்குமுன் இருக்கும் இந்த நாலு நல்ல கிழமைகளையும் நோய்நொடியின்றிக் கழிக்க வேண்டும் என்று பிள்ளையாரை வேண்டுகிறேன்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார் என்று கேட்பீர்கள். வட்ஸ்அப்பில் எழுதலாம்தான். ஆனால் நம் குடும்பக் குறூப்பில் தங்கள் தங்கையும் இருக்கிறார், அவர் பார்க்காமல் அதில் ஒரு கும்பிடுகூடப் போட முடியாது. தங்களுக்குத் தனியாக அனுப்பலாம் என்றால், என் போனை என்னைவிட அவர்தான் அதிகம் பார்க்கிறார். நான் எழுதப்போவது அவரைப் பற்றிய முறைப்பாடு. ஆகவே கடிதம்.

விசயம் இதுதான். ஒக்ரோபர் பதினாலாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு பிரெபெக்தூரில், அதாவது நம்முடைய மாவட்டக் கச்சேரி மாதிரியான அரச அலுவலகத்தில், எனக்குக் குடியுரிமை நேர்முகம். அழைப்புக் கடிதம் வந்த அன்றே பிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டேன். பிரெஞ்சுக் குடியுரிமை இந்த வயதில் எதற்கு என்று ஊரில் சிலர் கேட்கலாம், தாங்கள் கேட்க மாட்டீர்கள். அகதிப் பயணப் பத்திரத்தை வைத்துக்கொண்டு கனடா விசாவுக்கு இரண்டு தடவை போட்டோம், இரண்டு தடவையும் இல்லை என்று வந்தது. பிரெஞ்சுப் பாஸ்போர்ட் கையில் இருந்தால் விசாவே வேண்டாம், பிளேன் ஏறி எட்டு மணித்தியாலத்தில் தங்கள் வாசலில் நிற்கலாம். தங்களைக் கடைசியாகத் தொண்ணூற்றேழில் கொழும்பு லொட்ஜில் கண்டது என்று தங்கள் தங்கை மாதத்துக்கு ஒரு தடவையாவது சொல்லுவார். இருபத்தெட்டு வருடம். அதனால் இந்த நேர்முகத்தில் நான் பாஸாக வேண்டும், வேறு வழியில்லை.

மூன்று வருடத்துக்கு முன் நான் ஒரு தடவை போய்த் தோற்றது தங்களுக்குத் தெரியும், ஏன் தோற்றேன் என்று நான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். நேர்முகம் செய்த அம்மா நல்ல மனிசி. பிரெஞ்சு வரலாற்றில் நீங்கள் மதிக்கும் ஒருவரின் பெயரைச் சொல்லுங்கள் என்றார். நான் மிசியே ஜெரார் என்றேன். எந்த ஜெரார் என்று கேட்டார். கிளிஷியில் நான் இருபத்திரண்டு வருடம் வேலை செய்த ரெஸ்ரோரண்டின் தலைமைச் சமையல்காரர், செத்து ஆறு வருடம், ஆகவே வரலாறுதான் என்று விளக்கினேன். எழுதிக்கொண்டார். அவர் கேட்காமலே ஜெராரின் வெங்காய சூப்பைப் பற்றியும் சொன்னேன், அதையும் எழுதிக்கொண்டார். எனக்கு உற்சாகம் வந்து சூப்பின் செய்முறையைச் சொல்லத் தொடங்கினேன், அப்போதுதான் பேனையை மூடினார். இரண்டு வருடம் கழித்து மறுபடி விண்ணப்பிக்கும்படி கடிதம் வந்தது. பிழை அவர்களில் இல்லை. ஆனால் ஜெரார் நல்ல மனிசன் என்பதில் எனக்கு இன்றைக்கும் மாற்றமில்லை.

இந்த முறை விடுவதில்லை என்று விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து படிக்கிறேன். முதல் தடவையாகத் தங்கள் தங்கையும் என்னோடு சேர்ந்து போட்டார், அவரும் வந்தால் நல்லதுதானே என்று நான்தான் சொன்னேன். அரசாங்கம் தருகிற கைநூலை விதுர்ஷா அச்சடித்துத் தந்தாள். எனக்குச் சத்தம் போட்டுப் படித்தால்தான் மண்டையில் ஏறும், அது பள்ளிக்கூடத்திலேயே அப்படித்தான். பின்னேரங்களில் குசினி மேசையில் இருந்து, பக்கத்து வீட்டு அம்மா சுவரில் தட்டும்வரை, புரட்சி, குடியரசு, நதி, மலை என்று எல்லாவற்றையும் படிப்பேன். தங்கள் தங்கை எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் வெட்டுவார். ஒரு சந்தேகம் கேட்டதில்லை. பள்ளிக்கூடக் கன்ரீனில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு பரிமாறிவிட்டு வருகிறவர், களைப்பு, படிப்பில் ஆர்வமில்லை என்று நினைத்தேன். இதை மறவாமல் வைத்திருங்கள் அத்தான், இதில்தான் என் முறைப்பாடு இருக்கிறது.

போன கிழமை விதுர்ஷா சொன்னாள், அவள் பிரெஞ்சில்தான் சொல்லுவாள், நான் தமிழாக்கி எழுதுகிறேன், அப்பா, புத்தகம் படித்தது போதும், வருசத்தில் ஒரு கிழமைக் கடைசியில் அரச கட்டடங்களை எல்லாச் சனத்துக்கும் திறந்துவிடுவார்கள், அன்றைக்குப் பாராளுமன்றத்தைக் காட்டுகிறேன், பிறகு பாரிஸ் நகரத்தின் வரலாற்று மியூசியம் இருக்கிறது, அது எப்போதுமே இலவசம் என்று. நான் உடனே சம்மதித்தேன். அம்மாவும் வரட்டும் என்றாள். அவ ஏன், அவவுக்கு அலுப்படிக்கும் என்றேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

சனிக்கிழமை காலை ரயில் பிடித்து முதலில் பாரிஸில் நம்மவர் கடைத்தெருவான லா சப்பேலில் இறங்கினோம். எனக்கு அங்கே ஒரு வேலை இருந்தது. சேந்தனின் சேலைக் கடையில் மெரூன் நிறத்தில் தங்கக் கரை போட்ட ஒரு பொன்னாடை எடுத்தேன். ஏன் என்று தங்களுக்கு விளக்கத் தேவையில்லை. நம் விளையாட்டுக் கழக ஒன்றுகூடலில் மைக் வாடகைக்குக் கொடுத்தவருக்கே பொன்னாடை போடுகிறோம். நாட்டின் பாராளுமன்றத்துக்கு முதல் தடவை போகிறேன், வெறுங்கையை வீசிக்கொண்டு எப்படிப் போவது. உங்கள் தங்கை கேட்டா:

"ஆருக்குப் போடப்போறியள்?"

"அங்கை ஆராவது பெரியாள் நிப்பினம்தானே."

"கண்டவையின்ரை கழுத்திலையும் போட்டு எங்களைப் பிடிச்சு உள்ளுக்கை போடப்போறாங்கள்."

இப்படித்தான் அத்தான், நல்ல காரியத்துக்குப் போகும்போது அவ வாய் வைப்பா. மார்க்ஸ் டோர்முவா வரை நடந்து பன்னிரண்டாம் நம்பர் மெத்ரோ எடுத்தோம், அது நேராகப் பாராளுமன்ற வாசலிலேயே கொண்டுபோய் விடும். லா சப்பேலுக்கும் பாராளுமன்றத்துக்கும் நடுவில் ஒரு மாற்றம்கூட இல்லை என்பதை இத்தனை வருடத்தில் நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

ஒன்றரை மணித்தியாலம் கியூ. நின்ற நேரத்தில் நான் குடியரசுகள் ஐந்தையும் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன், முன்னால் நின்ற வயதான பிரெஞ்சுக்காரர் மூன்றாவதில் ஒரு திருத்தம் சொன்னார். பாதுகாப்புச் சோதனைக்கு வந்ததும் நான் என் நீலப் பைலை எடுத்து அங்கே நின்ற இளைஞனிடம் கொடுத்தேன். இந்த நாட்டில் அரசாங்கக் கதவு எதுவாக இருந்தாலும் டொசியே இல்லாமல் போனால் திருப்பி அனுப்புவார்கள் என்பது நான் வந்த முதல் மாதமே படித்த பாடம். பிறப்புச் சான்றிதழ், அதன் மொழிபெயர்ப்பு, மூன்று வருட வரிக் கடுதாசி, மூன்று மாதக் கரண்ட் பில், விதுர்ஷாவின் தடுப்பூசி அட்டை, எல்லாம் ஒழுங்காகப் பிளாஸ்ரிக் உறையில் இருந்தது. அவன் பைலைத் திறந்து ஒரு பக்கம் பார்த்தான், என்னைப் பார்த்தான், மிசியே, பையைத் தட்டில் வையுங்கள், அது மட்டும் போதும் என்றான். நான் நம்பவில்லை. கரண்ட் பில் ஓகஸ்ட் மாதத்தது வரை இருக்கிறது என்று சொன்னேன். எனக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லோரும் அமைதியாக அதைக் கேட்டார்கள். விதுர்ஷா என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பிறகு உங்கள் தங்கையின் கைப்பை இயந்திரத்துக்குள் போய் வந்தது, அதற்குள் புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் எவர்சில்வர்ப் பெட்டியில். திறக்கச் சொன்னான், திறந்தா, மணம் பரவியது, நல்லாய்ச் சாப்பிடுங்கள் என்று வாழ்த்தி அனுப்பினான். எனக்குக் கிடைக்காத மரியாதை கத்தரிக்காய்க்குக் கிடைத்தது.

சபை மண்டபத்தைப் பற்றி என்ன எழுத. அரை வட்டமாகச் சிவப்பு வெல்வெற்றுக் கதிரைகள், ஒன்றுக்கு மேல் ஒன்று ஏறிப்போகிறது. விளக்கம் சொன்ன பிள்ளை இடதுசாரி எந்தப் பக்கம், வலதுசாரி எந்தப் பக்கம் என்று காட்டினா. கேள்வி இருக்கிறதா என்றபோது நான் கை உயர்த்தினேன். விதுர்ஷா கண்ணை மூடினாள். இவ்வளவு பேரும் மத்தியானம் எங்கே சாப்பிடுவார்கள், சமையல் இங்கேயே நடக்கிறதா என்று கேட்டேன். அந்தப் பிள்ளை மகிழ்ச்சியாக, பக்கத்திலேயே அவர்களுக்கென்று ஒரு சிற்றுண்டிச்சாலை இருக்கிறது என்று விவரமாகச் சொன்னா. அன்றைக்கு யாரும் கேட்காத கேள்வி அது. சமைத்த ஆளுக்குத்தான் அந்த யோசனை வரும்.

இனித்தான் பொன்னாடை. மண்டபத்தை விட்டு வெளியே வருகிற வாசலில் ஒருவர் நின்றார். கறுப்பு வால் கோட்டு, வெள்ளைக் கழுத்துப்பட்டி, நெஞ்சுக்குக் குறுக்கே பளபளவென்று ஒரு சங்கிலி. அத்தான், நீங்களே சொல்லுங்கோ. யாழ்ப்பாணத்தில் சங்கிலி போட்டுக்கொண்டு நிற்பவர் யார், மேயர். மேயருக்கே சங்கிலி என்றால் பாராளுமன்றத்துக்குள் சங்கிலியோடு நிற்பவர் சபாநாயகராக இல்லாமல் வேறு யாராக இருக்க முடியும். பொது மக்களை வரவேற்கத் தானே வாசலுக்கு வந்து நிற்கிறார் என்று எனக்கு நெஞ்சு உருகிப் போயிற்று. நேராகப் போய் மிசியே லு பிரெசிதோன், அதாவது சபாநாயகர் அவர்களே, என்று கூப்பிட்டு, பொன்னாடையை விரித்து, அவர் என்ன என்று கேட்குமுன் தோளில் போர்த்து, கைகூப்பி, முப்பத்தைந்து வருடமாக இந்த நாடு தந்த நிழலுக்கு ஒரு சமையல்காரனின் நன்றி என்று பிரெஞ்சில் சொன்னேன். அந்த வசனத்தை நான் பாடமாக்கவில்லை, அது தானாக வந்தது.

விதுர்ஷா ஓடிவந்து என் காதுக்குள் சொன்னாள், அப்பா, இவர் உய்சியே. அப்படியென்றால் சபையில் கதவு திறந்துவிட்டு, கடுதாசி கொண்டுபோய்க் கொடுத்து, ஆட்களுக்கு வழிகாட்டுகிற உத்தியோகத்தராம். அந்தச் சங்கிலி அவர்களின் சீருடையாம். பொன்னாடையைத் திரும்ப எடுக்கக் கை நீட்டினேன். ஆனால் அந்த மனிதர் அசையவில்லை. பொன்னாடையின் கரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இது எதற்குப் போடுவது என்று கேட்டார். மரியாதைக்கு என்றேன். அவர் சொன்னார், இருபத்தாறு வருடமாக இந்தக் கதவைத் திறக்கிறேன், இந்த வழியால் எத்தனையோ அமைச்சர்கள் போனார்கள், எனக்கு யாரும் எதுவும் போட்டதில்லை என்று. பரிசு வாங்க அவர்களுக்கு விதியில் இடமில்லையாம். இரண்டு நிமிடம் அப்படியே போட்டுக்கொண்டு நேராக நின்றார், பிறகு கழற்றி, சேந்தன்கூட அப்படி மடிக்கமாட்டான், அவ்வளவு நேர்த்தியாக மடித்து என் கையில் தந்து, தலையைத் தாழ்த்தினார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். உங்கள் தங்கை தூணுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. வெளியே வந்ததும் சொன்னா:

"சரியான ஆளுக்குத்தான் போட்டனீங்கள். கதவு திறக்கிற மனிசனைக் கவனிச்சால்தானே உள்ளுக்கை விடுவினம்."

அந்தச் சிரிப்புத்தான் இன்னும் நிற்கவில்லை.

ஆற்றங்கரையில் புட்டைச் சாப்பிட்டுவிட்டு மியூசியத்துக்குப் போனோம். பழைய மாளிகை, உள்ளே தோட்டம், வாசலில் ரிக்கற் கிடையாது. இலவசம் என்று விதுர்ஷா சொன்னபோது நான் நம்பவில்லை, எங்காவது ஒரு மூலையில் உண்டியல் இருக்கும் என்று அறை அறையாகப் பார்த்துக்கொண்டு போனேன். ஒரு அறை முழுக்கப் பழைய கடைகளின் இரும்புப் பலகைகள் தொங்கின, கத்தரிக்கோல், பூட்டுத் திறப்பு, பன்றி என்று எழுத்துத் தெரியாத சனத்துக்குப் படத்தால் கடையைக் காட்டியிருக்கிறார்கள். லா சப்பேல் கடைப் பலகைகளையும் ஒருநாள் இங்கே தொங்கவிடுவார்கள் என்று விதுர்ஷாவுக்குச் சொன்னேன். பஸ்தீய் சிறையை இடித்த கல்லிலேயே செதுக்கிய ஒரு சின்னப் பஸ்தீய் இருந்தது. அதற்குப் பக்கத்தில் காவலுக்கு ஒரு பெண் இருந்தா. நேர்முகத்துக்குப் பழக்கமாகட்டும் என்று அவவிடம் போய், நான் பாடமாக்கிய பிரெஞ்சில், மதாம், இந்தச் சிறை வீழ்ந்த நிகழ்ச்சி என்னை மிகவும் கவர்ந்திருக்கிறது என்று தொடங்கினேன். ஐந்து நிமிடம் பேசினேன். அவ பொறுமையாகக் கேட்டுவிட்டு, தமிழில் சொன்னா:

"ரொம்ப நல்லா பேசறீங்க மிசியே. பாண்டிச்சேரி நான், பேரு ஜெர்மேன். நசனலிதே ரந்தேவூ இருக்கா?"

குடியுரிமை நேர்முகம் இருக்கிறதா என்று கேட்கிறா, நான் ஓம் என்றேன். அவவுடைய தம்பிக்கும் இப்படித்தான் நடந்ததாம், பதட்டப்படக் கூடாதாம். சனம் குறைவாக இருந்ததால் நாலு கேள்வி கேட்டா. பஸ்தீய் எந்த ஆண்டு, ஆயிரத்தெழுநூற்று எண்பத்தொன்பது, நான் சொன்னேன். பெண்களுக்கு வாக்குரிமை எந்த ஆண்டு என்று கேட்டா. முப்பத்தாறு என்றேன். பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது.

"நாப்பத்திநாலு. வாக்குப் போட்டது நாப்பத்தைஞ்சிலை."

திரும்பிப் பார்த்தேன். உங்கள் தங்கை கல்லுப் பஸ்தீயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறா.

"முப்பத்தாறு சம்பளத்தோடை லீவு குடுத்த வருசம். இவருக்கு லீவுதான் ஞாபகம் நிக்கும்."

ஜெர்மேன் என்னை விட்டுவிட்டு அவவைப் பார்த்துத் திரும்பிவிட்டா. அரசையும் தேவாலயத்தையும் பிரித்த வருடம், தொள்ளாயிரத்து ஐந்து. ஜனாதிபதிக்கு எத்தனை வருடம், ஐந்து. ஐந்தாவது குடியரசு, ஐம்பத்தெட்டு. எல்லாம் பிரெஞ்சில், மூச்சு விடாமல். அவவைத் தனியாகக் கூப்பிட்டு, இதெல்லாம் எங்கை படிச்சனீர் என்று கேட்டேன். நீங்கள் சத்தமாய்ப் படிக்கேக்கை நான் வெங்காயம் வெட்டிக்கொண்டு நிண்டனான்தானே என்றா.

அத்தான், இதுதான் என் முறைப்பாடு. ஏழு மாதம் பாடுபட்டுப் படித்தது நான், பாஸானது வெங்காயம் வெட்டின ஆள். நான் அங்கே பார்வையாளர் இருக்கப் போட்டிருந்த வாங்கில் போய் இருந்துவிட்டேன். மறைக்காமல் எழுதுகிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது. இம்முறையும் தோற்றால் இன்னும் இரண்டு வருடம், எனக்கு அறுபத்தாறாகும், முழங்கால் இப்போதே இப்படி. நான் தோற்றதால்தான் அவ அண்ணனைக் காணவில்லை என்று அவ ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால்கூடப் பரவாயில்லை, சொல்லாமல் விடுவதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஆகவே தங்களிடம் கேட்பது இரண்டு. ஒன்று, ஒக்ரோபர் பதினாலாம் தேதி அங்கே கோயிலில் என் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் ஒரு அர்ச்சனை செய்ய வேண்டும், நேர வித்தியாசத்தைக் கவனிக்கவும், காலைப் பூசை என்றால் இங்கே முடிந்துவிடும், முதல்நாள் மாலையே செய்யவும். இரண்டு, அன்றைக்கு என்னோடு பிரெபெக்தூருக்கு வரவேண்டாம் என்று தங்கள் தங்கைக்கு அண்ணன் என்ற முறையில் சொல்ல வேண்டும். அவ வாசலில் நின்று சிரித்தால் எனக்கு எல்லா ஆண்டும் மாறிப் போகும். நான் எழுதினேன் என்று சொல்லாமல், தாங்களாக யோசித்ததுபோலச் சொல்லவும்.

அக்காவுக்கு என் பணிவான வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள், மூத்தவனுக்கு இரண்டு மடங்கு, அவன்தான் என் அழைப்பை எப்போதும் எடுப்பவன். எல்லோரும் நீண்ட ஆயுளோடும் குறைந்த கொலஸ்ரரோலோடும் வாழ்க.

தங்கள் அன்புக்குரிய,
அரியரத்தினம்

பி.கு.: கடிதத்தை மடித்து, முத்திரை இருக்கிறதா என்று விதுர்ஷாவிடம் கேட்டேன். மாமாவுக்கு என்ன கடிதம் என்றாள். எனக்குப் பதினாலாம் தேதி நேர்முகம் அல்லவா, அர்ச்சனைக்கு என்றேன். அவள் போய் பிரிட்ஜ் கதவிலிருந்த கடிதத்தைக் கழற்றிக்கொண்டு வந்து மேசையில் வைத்தாள். அத்தான், முதல் வரியில் பெரிய எழுத்தில் அரியரத்தினம் என்று இருக்கிறது, நான் வாசித்தது அதைத்தான். அடுத்த வரியில் புனிதவதி என்று இருக்கிறது. நான் காந்தத்தை வைத்தது அந்த வரியை மறைத்து. தொடக்கத்தில் மதாம் என்று போட்டிருந்ததைக் கண்டேன்தான், அரசாங்கக் கடிதத்தில் மதாம், மிசியே என்று பொதுவாகப் போடுவார்களே, அது என்று விட்டுவிட்டேன். நம்முடைய ஆட்களின் பெயர் இந்த நாட்டில் என்னவாகும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்குக் குடும்பப் பெயர் அப்பாவுடையது, ஏரம்பமூர்த்தி, மகளுக்கும் அதுதான். உங்கடை தங்கச்சி வந்த பாஸ்போர்ட்டில் அவவின் பெயருக்குப் பின்னால் என் பெயர் இருந்தது, அதையே குடும்பப் பெயராக எழுதிவிட்டார்கள். முப்பத்தைந்து வருடமாக எந்த அலுவலகத்திலும் ஏரம்பமூர்த்தி என்று கூப்பிட்டால் எழும்பிப் போகிற நான், என் பெயரைப் பெரிய எழுத்தில் கண்ட சந்தோசத்தில் எல்லாவற்றையும் மறந்துபோனேன். நேர்முகம் அவவுக்கு. என் டொசியே இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறதாம்.

அவவுக்குக் கடிதம் வந்த அன்றே தெரியுமாம். ஏன் சொல்லேல்லை என்று கேட்டேன். சொன்னால் நீங்கள் சத்தமாய்ப் படிக்கிறதை விட்டிடுவியள், எனக்கு இருந்து வாசிக்க எங்கை நேரம் என்றா. எனக்குக் கோபம் வரவேண்டும், வரவில்லை அத்தான், பெருமையாகத்தான் இருக்கிறது. இன்றைக்கும் பின்னேரம் இரண்டு மணித்தியாலம் படித்தேன், முந்தியதைவிடச் சத்தமாக.

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடுங்கோ. அர்ச்சனையை அவ பெயருக்கு மாற்றுங்கோ. அவவுக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம், நான் வெளியில் வாங்கில் இருப்பேன், சிரிக்க மாட்டேன். பாஸ்போர்ட் வந்தவுடன் எனக்காகக் காத்திருக்காமல் அவவை முதல் அனுப்பிவைக்கிறேன். வட்ஸ்அப்பில் அவ எப்போதும் போனை நெற்றிக்கு மேலே பிடித்துத்தான் கதைக்கிறா, இத்தனை வருடமும் நீங்கள் கண்டது அவவின் உச்சியையும் எங்கள் வீட்டு மேற்கூரையையும்தான், விமான நிலையத்தில் ஆளை மட்டுக்கட்டமாட்டீர்கள். ஒரு மட்டையில் அரியரத்தினம் என்று பெரிதாக எழுதிப் பிடித்துக்கொண்டு நில்லுங்கோ. அதைப் பார்த்து நேரே உங்களிடம் வருகிற ஆள் உங்கடை தங்கச்சி.